பாதி டேங்கு

மீனெல்லாம் இல்லீங்க அம்மிணி. இந்தப் பையில வெறும் தண்ணிதான். நல்லா உத்துப் பாருங்க, உள்ள ஒரு பொடிமீன்கூடக் கெடையாது. ஏறுனதும் கண்டக்டரும் இதையேதான் கேட்டாரு, "மீனு எங்கீங்க பெரியவரே?"ன்னு. தண்ணிக்கு லக்கேஜ் போடறதா வேண்டாமான்னு அவருக்கே வெளங்கல. தலையைச் சொறிஞ்சுட்டுப் போயிட்டாரு. நீங்க ஜன்னலோரமா நகந்து உக்காருங்க, கொழந்தைக்குக் காத்து வரும். உங்க பையை மேல வெச்சுட்டீங்களா? ஆச்சு. இது ஒழுகாதுங்க, பயப்படாதீங்க. மூடி கெட்டி.

எங்கீங்க, உடுமலைக்கா? நானு உங்களைத் தாண்டி மடத்துக்குளம் போறவன். பேரு நாச்சிமுத்து. சொந்த ஊரு பொள்ளாச்சியேதான். பையனுங்களா? எத்தனை மாசமாச்சு? ஒம்போதா! அட, எம் பேத்திக்கும் ஒம்போதுதானுங்க. ஆதிரைன்னு பேரு. நானு ஆத்தான்னுதான் கூப்புடறது. நாளைக்குக் காது குத்து. அதுக்குத்தான் போறேன். அதுக்கும் போறேன், ஒரு சண்டைக்கும் போறேன்.

பாத்தீங்களா, பாத்தீங்களா? பிரேக் போட்டான். தண்ணி முன்னாடி போயி முட்டிட்டுத் திரும்பி வருது பாருங்க. டிரைவரோட காலு எப்படின்னு இந்தப் பையே சொல்லிப்போடும். நானு காலமெல்லாம் பால் டேங்கர் ஓட்டுனவனுங்க. ஊட்டியிலிருந்து பர்லியார் வழியாப் பாலை எறக்கிட்டு வருவேன். என் வண்டியில பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுட்டே வரலாம், ஒரு சொட்டு சிந்தாது. இந்தத் தம்பி ஓட்டறதைப் பாத்தா டீயைத் தலையில ஊத்திக்கிட்டு ஏறறதே மேலுன்னு தோணுது.

இந்தப் பை என்னன்னு கேட்டீங்கல்ல. சொல்றேன். எங்க மருமக தாரணி, பிசியோதெரபி படிச்ச புள்ள. பொள்ளாச்சியில ஒரு ஆஸ்பத்திரியில வேலை. கை கால் வராதவங்களை நடக்க வெக்கறது, தோள்பட்டை புடிச்சுக்கிட்டவங்களை நிமுத்தறது, அந்த வேலை. அது வாங்கிட்டு வந்ததுதான் இது. அக்வா பேக்காமா. எங்கூட்ல தண்ணிப்பை. ஒடம்புக்குப் பயிற்சி பண்ற சாமானம். இரும்புக் குண்டுக்குப் பதிலாத் தண்ணி. இரும்பைத் தூக்குனா அது வெச்ச எடத்துல இருக்கும். தண்ணி இருக்குங்களா? இந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கம் ஓடும், குசும்பு புடிச்சது. அது ஓட ஓட நம்ம ஒடம்பு தானாச் சுதாரிச்சு நிக்கோணும். அப்ப இடுப்பு, தொடை, கணுக்கால் எல்லாம் முழிச்சுக்குமாமா. அதென்ன இத்தனை நாளும் தூங்கிட்டா இருந்துச்சு?

இதைக் கொண்டு போயி சம்பந்தி ஊட்டு நடு ஹால்ல வெச்சுட்டு, "இந்தா தாயி உன் பை, எடு என் பேத்தியை"ன்னு கேக்கப் போறனுங்க. அதான் சண்டை.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு நியாயம் வெளங்கும். பிரசவம் அவங்கம்மா ஊட்ல, மடத்துக்குளத்துல. மூணு மாசம் கழிச்சுக் கொழந்தையை எங்கூட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அந்த வாரம்தான் நானு வாசல்ல கால் கழுவப் போனவன் உக்காந்துட்டேன். எல்லாரும் விழுந்துட்டாரு விழுந்துட்டாருன்னு ஊரைக் கூட்டிட்டாங்க. விழுகலீங்க. உக்காந்துட்டேன். விழுகறது வேற, உக்கார்றது வேற. கொஞ்சம் வெசயா உக்காந்தேன், அவ்வளவுதான். நெத்தியில ஒரு தையல். அது தூண் அங்க இருந்ததுனால. தூண் இல்லீன்னா ஒண்ணும் ஆயிருக்காது.

சக்கரை இருக்குதுங்க எனக்கு, இல்லீங்கல. பாதம் ரெண்டும் மதமதன்னு இருக்கும். செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியாது, பத்தடி போயித் திரும்பிப் பாத்துத்தான் எடுத்துட்டு வருவேன். அதுக்குன்னு நடக்கத் தெரியாதுன்னு ஆயிருமா?

அன்னைக்கிலிருந்து ஆரம்பிச்சுதுங்க கொடுமை. நானு கையை நீட்டுனா, "மாமா, உக்காருங்க, குடுக்கறேன்." எப்பக் கேட்டாலும் அதேதான். "உக்காருங்க, குடுக்கறேன்." உக்காந்த பொறகுதான் கொழந்தை மடிக்கு வரும். எந்திரிக்கலாம்னு முட்டியை அசைச்சாப் போதும், எங்க ஊட்டுக்காரி ருக்குமணி சமையக்கட்டுல இருந்து ஓடியாந்துருவா. எம் பையனும் அதே கூட்டுத்தான். பக்கத்து ஊட்டு ராமசாமி, என்னைவிட ரெண்டு வயசு மூத்தவன், காது கேக்காது, அவன் பேரனைத் தோள்ல போட்டுட்டுக் கடைவீதி வரைக்கும் போறான். நானு சேர்ல உக்காந்து பாத்துட்டு இருக்கேன். எம் பேத்திக்கு ரோட்டுல போற லாரியைக் காட்டோணும்னு ஆசை. எத்தனை சக்கரம், எது டேங்கர், எது டிப்பர்னு சொல்லிக் குடுக்கோணும். சேர்ல உக்காந்தா காம்பவுண்டு செவுருதான் தெரியுது.

எனக்கு அழுகையே வந்துருச்சுங்க ஒரு நாளு. அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, டிவியைச் சத்தமா வெச்சுட்டேன்.

அடுத்த வாரம் தாரணி இந்தப் பையோட வந்துச்சு. "மாமா, இனிமே தினமும் காத்தால என்கூட கொஞ்ச நேரம்." தண்ணி ஊத்திக் குடுத்துச்சு. பாத்தா, பாதிகூட இல்ல. காவாசி. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. படிச்ச புள்ள, இதுகூடத் தெரியலையேன்னு.

உங்களுக்குத் தெரியாது, சொல்றேன். டேங்கர் ஓட்டறவன் யாரைக் கேட்டாலும் சொல்லுவான். ரொம்புன டேங்கு சாது. காலி டேங்கு கழுதை, சும்மா வரும். பாதி டேங்கு இருக்குது பாருங்க, அது பேய். வளைவுல திருப்புனீங்கன்னா பாலு அந்தப் பக்கம் போயி வண்டியையும் கூப்புடும். பிரேக் போட்டா வண்டி நிக்கும், பாலு நிக்காது, பின்னாடி இருந்து கழுத்தைப் புடிச்சுத் தள்ளும். ஒருக்கா பர்லியார் வளைவுல எனக்கே அப்படி ஆச்சு. பாதி லோடு. முன்சக்கரம் ரோட்டோரத்துக் கல்லைத் தொட்டு நின்னுச்சு. கீழ பாத்தா மரத்தோட உச்சிதான் தெரியுது. அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன், பாதி டேங்குகிட்ட மல்லுக்கட்டக் கூடாது. அது போற பக்கம் சித்த கூடப் போகோணும், திரும்பறப்பக் கூடத் திரும்பி வரோணும். இருந்தாலும் நானு முடிஞ்ச வரைக்கும் பாதி லோடு ஏத்த மாட்டேன். நிறைகுடம் தளும்பாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

அதனால என்ன பண்ணுனேன், மருமக வேலைக்குப் போனதும் பையைக் கொழாயடிக்குக் கொண்டு போயி, வாய் வரைக்கும் ரொப்பிட்டேன். கனம் எச்சுதான். ஆனா அசையவே இல்லீங்க. ஜம்முனு கட்டிப் புடிச்சுட்டு ஹாலை நாலு சுத்து சுத்துனேன். ருக்குமணி வாயைப் பொளந்துட்டா. நாலு நாளு அப்படித்தான், மருமகளுக்குத் தெரியாம. அஞ்சாவது நாளு தெரிஞ்சு போச்சு. திட்டல, ஒண்ணும் பண்ணல. மூடியைத் தெறந்து செடிக்கு ஊத்திருச்சு. முருங்கைக்குப் பாதி, கறிவேப்பிலைக்குப் பாதி.

"நிறைஞ்சது ஆடாது மாமா. நீங்க தூக்கப் போறது ஆடறதைத்தான்"னு சொல்லுச்சு.

நானு ஏன் ஆடறதைத் தூக்கப் போறேன்? கேட்டேன். சிரிச்சுட்டே போயிருச்சு. லொள்ளு புடிச்ச புள்ளைங்க அது.

அப்பறம் நடந்த அலும்பைக் கேளுங்க. பையை நெஞ்சோட அணைச்சுப் புடிக்கோணும். சரி. டைல்ஸ் கோட்டு மேலயே நடக்கோணும். சரி. ஒத்தைக் கால்ல கொக்காட்டம் நிக்கோணும். தண்ணி கெடந்து அங்கயும் இங்கயும் குலுங்குது, நானு கூடக் குலுங்கறேன், பின்னாடி ருக்குமணி ரெண்டு கையையும் விரிச்சுட்டுக் கோழி புடிக்கறவளாட்டம் வர்றா. இதெல்லாம்கூடப் பயிற்சின்னு ஒத்துக்கலாம். இடது தோள்ல சாத்திக்கிட்டு வலது கையில கதவுத் தாப்பாளைத் தெறக்கச் சொல்லுச்சுங்க. இது எந்த ஜிம்முல இருக்குது? குனிஞ்சு கீழ கெடக்கற கிலுகிலுப்பையை எடுக்கச் சொல்லுச்சு. பையை எறக்கி வெச்சுட்டு எடுத்தா ஆகாதாமா, பையோடயே எடுக்கோணுமாமா. ஒரு நாளு அலுத்துப் போயி, போடான்னு பையைச் சோபா மேல வீசுனேன். சமையக்கட்டுல இருந்து மருமக பதறி ஓடியாந்துச்சு பாருங்க. "மாமா! அப்படிப் போடாதீங்க!" ஒரு பிளாஸ்டிக் பைக்கு அந்தக் கூப்பாடு. காசு குடுத்து வாங்குனதல்லோ, அதான்னு நெனச்சுட்டேன்.

அதும் இல்லாம இந்தப் பையில தண்ணி ஒரே அளவா இருக்காதுங்க. கொழந்தைக்கு ஊசி போட மருமக ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரும். கொழந்தை அழுது அழுது மொகமெல்லாம் செவந்து போயிருக்கும். பெத்தவளுக்கு மனசு கெட்டுத்தான் போகும், இல்லீங்களா? அந்தக் கோவத்தை எங்க காட்டும்? என் பை மேலதான். வந்ததும் மூடியைத் தெறந்து இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தும். ஊசி போட்டது டாக்டரு, தண்டனை எனக்கு. ஒவ்வொரு தடவையும் இதே கதை.

ஒரே ஒரு தடவை கொறைச்சுது. நடுவுல கொழந்தைக்கு ஒரு வாரம் காய்ச்சலுங்க. பாலே குடிக்காம எளைச்சுப் போச்சு, கன்னமெல்லாம் வத்தி. எங்க யாருக்கும் சோறு எறங்கல. அந்த வாரம் பையில இருந்து ஒரு டம்ளர் மொண்டு வெளிய ஊத்துச்சு. "என்ன தாயி, எம் மேல எரக்கம் வந்துருச்சா?"ன்னேன். டம்ளரைக் கவுத்து வெச்சுட்டுத் திரும்புச்சு. கண்ணு கலங்கி இருந்துச்சு. கொழந்தை தேறுனதும் அந்த டம்ளரைத் திரும்ப ஊத்திட்டுத்தான் மறுவேலை பாத்துச்சு. சரியான கணக்குப்புள்ள.

ஆனா ஒண்ணு சொல்லோணும். இப்பெல்லாம் செருப்பு கழண்டா தெரியுதுங்க. மாடிப்படியில கம்பி புடிக்கறதில்ல. போன வாரம் வாசல்ல பாசி வழுக்குச்சு, நானு நின்னுட்டேன். அது பைனாலன்னு மருமக சொல்லும். நானு சொல்றது, டிரைவர் ஒடம்புங்க, அதுக்கே ஒரு நெலை இருக்குது.

நாளைக்குக் காது குத்துக்கு வருவோம். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்துவாங்க, அது ஊருக்கே தெரியும். அதுக்கு முன்னாடி எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டுங்க. கொழந்தையைத் தோள்ல போட்டுட்டுக் கோயிலை மூணு சுத்து சுத்தி வரோணும். தூக்கிட்டுப் போறது அப்பனைப் பெத்தவன். எங்கப்பன் எம் பையனை அப்படித்தான் சுத்துனாரு. வெள்ளை வேட்டி, புதுத் துண்டு, எத்தனை மிடுக்கா நடந்தாரு தெரியுமா. அது எம் முறைங்க இப்ப. எம் பேத்தி, எந் தோளு.

மருமக, கொழந்தை, பையனோட ருக்குமணியும் ரெண்டு நாள் முந்தியே மடத்துக்குளம் போயிட்டா. நேத்துப் போன்ல பேசறப்ப வாய் தவறிச் சொல்லிப்போட்டா. "அப்பாவுக்குக் கோயில்ல ஒரு சேர் போட்டுரலாம்"னு எம் பையன் சொன்னானாமா. சேரு! எங்க போனாலும் எனக்கு முன்னாடி இந்தச் சேர் போயி நிக்குதுங்க. தூங்கவே இல்ல நானு.

காத்தால மருமகளே கூப்புட்டுச்சு. சேரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுதான்னு பாத்தேன். இல்ல. "மாமா, வர்றப்ப அந்தப் பையை எடுத்துட்டு வாங்க. தண்ணியைக் கீழ ஊத்தீராதீங்க, அளவு மாறிப்போகும், அப்படியே கொண்டாங்க. நாளைக்குக் காத்தால ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி, கோயிலை ஒரு சுத்து அதோட நடந்து காட்டுங்க"ங்குது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! பேத்தியைக் குடுக்க மாட்டாங்களாமா, நானு தண்ணிப்பையைக் கட்டிப் புடிச்சுட்டுச் சாமியைச் சுத்தோணுமாமா. சம்பந்திக சிரிக்க மாட்டாங்க? பூசாரி என்ன நினைப்பாரு? அதான் முடிவு பண்ணிட்டேன். பை உன்னோடது, பேத்தி என்னோடது, ரெண்டுல ஒண்ணுன்னு இன்னைக்குக் கேட்டே போடறது.

நியாயந்தானுங்களே? சொல்லுங்க. என்ன நீங்களும் சிரிக்கறீங்க?

ஓ, உடுமலை வந்துருச்சா. பேச்சு சுவாரசியத்துல பாக்கல. இருங்க, நானு எந்திரிச்சு வழி விட்டாத்தான் நீங்க வெளிய வர முடியும். ம். ஆச்சு. தண்ணிப்பை சீட்டுல கெடக்கட்டும். உங்க பையை எடுக்கோணுமா? கொழந்தையை வெச்சுட்டு எப்படிங்க எட்டும்? அந்தத் தம்பியைக் கூப்புட்டு எடுத்துக் குடுக்கச் சொல்லட்டு... என்ன, எங்கிட்டயா? இருங்க இருங்க, நானு உக்காந்துக்கறேன், அப்பறம்...

சரி, வந்துட்டியா சாமி. வா, வா.

அட, துள்ளாதடா. ஜன்னலைப் பாக்கோணுமா? சரி, அந்தப் பக்கம் போ, நானும் சித்த கூட வர்றேன். ம். இப்பத் திரும்பு. அப்படித்தான். ஓய் டிரைவர் தம்பி, ஸ்டாண்டுக்குள்ள மெதுவாத் திருப்பப்பா! கையில கொழந்தை இருக்குது! டேய், டேய், பிரேக்கு...

நின்னுட்டேங்க.

கம்பியைக்கூடப் புடிக்கல, பாருங்க, ரெண்டு கையும் கொழந்தை மேலதான் இருக்குது. எத்தனை பெரிய பிரேக்கு அது. நீங்க பாக்கலீங்களா? ஆமா, பையை எறக்கிட்டு இருந்தீங்க. இவன் முன்னாடி சாஞ்சானுங்க, நானும் கூடப் போயிக் கூடத் திரும்பி வந்தேன். பாதி டேங்குதானுங்க இவனும். ஒரு நிமிசம் ஒரு பக்கம் இருக்கானா?

அம்மிணி, நீங்க உக்காருங்கன்னே சொல்லலையே. நின்னுட்டு இருக்கறவன் கையில அப்படியே குடுத்துட்டீங்களே.

ஏனுங்க, இவன் எத்தனை கிலோ இருப்பான்? எட்டா? எட்டுதான் இருக்கும். எனக்குத் தெரியுமுங்க இந்தக் கனம். காத்தால காத்தால தூக்கற கனம் இது. இதே இடது தோளு. தலை சாயறது இந்த எடத்துல, கால் ஒதைக்கறது இங்க, வலது கை தாப்பாளுக்கு...

ஏனுங்க, ஊசி போடப் போனா மொதல்ல கொழந்தையை எடை போடுவாங்க, இல்லீங்களா?

போடுவாங்க. போட்டுட்டு ஊட்டுக்கு வந்து... அந்தக் காய்ச்சலப்ப எளைச்சுதே, ஒரு டம்ளர்...

அட கிறுக்குப்பய நாச்சிமுத்து. ஆறு மாசமா எம் பேத்தியைத்தான் தூக்கிட்டு இருந்திருக்கேன். அந்தப் புள்ள எங்கையில குடுத்துட்டுத்தான் இருந்திருக்குது, நாந்தான் தண்ணின்னு நெனச்சுட்டேன். அதைச் சோபாவுல வேற வீசுனனுங்களே, பாவி.

ஆமாங்க, அழுகறேன். இருக்கட்டும், அழுதா என்ன. கண்டக்டர் பாத்தா பாக்கட்டும்.

இந்தாங்க, உங்க பையனைப் புடிங்க. படி ஒசரம், பாத்து எறங்குங்க. பேரு என்ன சொன்னீங்க? சொல்லவே இல்லயா? நானு எங்க சொல்ல விட்டேன். நல்லா இருடா சாமி. அம்மிணி, எறங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. சீட்டுல கெடக்கற அந்தப் பையைத் தூக்கி எங்கிட்டக் குடுங்க. மெதுவாங்க, மெதுவா, அடியில கை குடுத்துத் தூக்குங்க. தோள்ல வைங்க. இடது தோள்ல. ஆங், இப்பச் சரி.

தம்பி, நீங்க எங்க, பழனியா? சீட்டு காலிதான், நீங்க உக்காந்துக்கங்க. இல்லீங்க, எனக்கு வேண்டாம். மடத்துக்குளம் வரைக்கும் நானு நின்னுட்டுத்தான் வரப் போறேன்.